தோட்டாப் பெட்டியின் எண்களைப் படிக்கக் கற்றேன்

பறக்கவிடும் களிமண் தட்டுகளை ரவைத் துப்பாக்கியால் (ஷாட்கன்) சுடும் விளையாட்டில் சேர்ந்த புதிதில், பயிற்சி முடிந்தாலே தோள்பட்டை கன்றிப்போகும். விடை பெட்டியின் மேலேயே அச்சாகியிருந்தது.

12 என்பது போர் (bore), அதாவது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண். 70 மி.மீ. என்பது வெடித்து விரிந்தபின் தோட்டா உறையின் நீளம். குழலில் பொறித்த அறை (தோட்டா அமரும் பகுதி) நீளத்தை அது தாண்டவே கூடாது. 76 மி.மீ. தோட்டா சுடுமுன் 70 மி.மீ. அறைக்குள் நுழைந்துவிடக்கூடும்; சுட்டதும் உறையின் வாய் மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் எகிறும். எனக்கு இதுதான் முதல் பாடமாகப் படுகிறது.

அடுத்தது தோட்டாவுக்குள் இருக்கும் ஈய ரவையின் (சிறு குண்டுமணிகளின்) மொத்த எடை, வேகம். நான் சுட்டது 36 கிராம், அதிவேக ரகம். அதை விட்டு 28 கிராம், மிதவேகத்துக்கு மாறினேன். தோள்வலி போயிற்று, தட்டுகள் முன்போலவே நொறுங்கின.

ரவை எண் தலைகீழ்: எண் ஏற ஏற ரவை சிறுக்கும். ஏழரை சுமார் 2.4 மி.மீ., ஒன்பது 2 மி.மீ. தட்டுக்கு ஏழரை அல்லது எட்டு போதும்.

20 போர் தோட்டாவை மட்டும் 12 போரோடு ஒரே பையில் போடாதீர்கள். அது சிறியது என்பதால் 12 போர் குழலுக்குள் வழுக்கிப்போய் அறைக்குச் சற்று முன்னால் சிக்கும். பின்னால் 12 போர் தோட்டா போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அதற்காகவே 20 போருக்கு மஞ்சள் உறை.