வீடியோ கேமை அனிமே தொடராக்கும்போது கதையோட்டத்தை அமைப்பது எப்படி?

வீடியோ கேமில் 40 மணி நேரம் அலைந்து பெறும் அனுபவத்தைச் சுமார் 24 நிமிட அத்தியாயங்களுக்குள் அடக்க முனைபவர், எந்தச் சண்டைக்குப் பிறகு கதாபாத்திரத்திடம் ஏதேனும் மாறுகிறது என்று பார்த்து, அவற்றை மட்டுமே விரிவாக வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவற்றை ஓரிரு காட்சிகளில் கடந்துவிடலாம்.

ஆடுபவரே முடிவெடுப்பதால் விளையாட்டில் பெரும்பாலும் பேசாமலிருக்கும் நாயகனுக்குத் தொடரில் குரலும் குணமும் தேவை. 2011இல் வெளிவந்த 'பெர்சோனா 4' அனிமே, அதே பெயருள்ள விளையாட்டின் நாயகனுக்கு நருகாமி யூ என்று பெயரிட்டு, சலனமற்ற முகத்தோடு வேடிக்கையாகப் பேசவைத்தது. அத்தியாயத்தின் நடுவே வரும் இடைவேளை அட்டையில் அவனது துணிச்சல், அறிவு முதலியவற்றின் அளவைக் காட்டி, பல நாள் வளர்ச்சியைச் சில நொடிகளில் சொல்லிவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான்.

மூலக்கதை மிக நீளமெனில், 2022இல் வந்த 'சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்' செய்ததுபோல, விளையாட்டு நடக்கும் அதே நகரில் வேறொரு நாயகனை வைத்து 10 அத்தியாயங்களில் முடிப்பதே, என் கணிப்பில், பாதுகாப்பான வழி. கதை நடக்கும் உலகைப் பற்றிய விளக்கங்களை முதல் அத்தியாயத்திலேயே குவித்துவிடாதீர்கள்.