பி53 பேண்டை நம்புவதற்கு முன்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் நான் முதலில் காட்டுவது எச்1299 செல்களைத்தான். நுரையீரல் புற்றுநோயிலிருந்து வந்த செல்கள் அவை; புற்றுநோயைத் தடுக்கும் பி53 என்ற புரதம் அவற்றில் கிடையாது. பி53-ஐத் தேடப் போகிறவருக்கு, அது இல்லாத செல் கட்டாயம் வேண்டும்.

பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, ஃப்ரீசரில் கிடந்த பி53-க்கான ஒரு முயல் பாலிகுளோனல் ஆன்டிபாடியை (ஒரு புரதத்தின் பல இடங்களில் ஒட்டும் ஆன்டிபாடிக் கலவை) எடுத்து மூன்று வாரம் வெஸ்டர்ன் பிளாட் போட்டேன். புரதங்களை ஜெல்லில் லேன் என்ற தடங்களில் ஓட்டி எடைவாரியாகப் பிரித்து, தேடுவதை ஆன்டிபாடியால் பிடித்துக் காட்டும் சோதனை அது. 53 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்தில் மை வைத்தது போல பேண்ட், அதாவது புரதக் கோடு. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒரே அளவு. அதற்கு ஒரு விளக்கம்கூடத் தயாராக வைத்திருந்தேன். கூட இருந்த அக்கா, "எச்1299-ஐயும் ஒரு லேன்ல போட்டுப் பாரேன்" என்றார். போட்டேன். அதிலும் அதே பேண்ட்! ஆன்டிபாடி பிடித்தது பி53-ஐ அல்ல, வேறெதையோ.

சரி, செய்முறைக்கு வருவோம். நான் இப்போது பயன்படுத்துவது டிஓ-1 என்ற ஆன்டிபாடி; ஒரே இடத்தில் மட்டும் ஒட்டும் சுண்டெலி மோனோகுளோனல். மனித பி53-இன் தொடக்க முனையில், 20-ஆவது அமினோ அமிலத்தை ஒட்டிய சிறு பகுதியில் அது ஒட்டும். அதனால் அந்த முனை இல்லாத குட்டை வடிவங்கள் இதில் தெரியாது. சுண்டெலியின் பி53-உம் தெரியாது.

மூன்று மாதிரி எடுங்கள்: எச்1299, சும்மா வளர்ந்த எம்சிஎஃப்-7 (பி53 உள்ள மார்பகப் புற்றுநோய் செல்), டிஎன்ஏவைச் சிதைக்கும் டாக்சோரூபிசின் மருந்தில் ஒரு மைக்ரோமோலார் அளவில் இரவு முழுக்க இருந்த எம்சிஎஃப்-7. சாதாரண நிலையில் எம்டிஎம்2 என்கிற புரதம் பி53-ஐ உடனுக்குடன் அழிக்க அனுப்பிவிடும். டிஎன்ஏ சிதைந்தால்தான் பி53 தங்கிச் சேரும். செல்களைப் பனிக்கட்டி மேல் வைத்து, புரோட்டியேஸ் (புரதத்தைச் சிதைக்கும் நொதி) தடுப்பான் கலந்த ரிப்பா என்ற செல் உடைக்கும் கரைசலில் உடையுங்கள்.

லேனுக்கு 30 மைக்ரோகிராம் புரதம், 10 சதவீத ஜெல். ஜெல்லிலிருந்து புரதத்தை ஏற்றும் பிவிடிஎஃப் மெம்பிரேனை மெத்தனாலில் நனைக்க மறந்தால் அன்றைய வேலை போச்சு. புரதத்தை மெம்பிரேனுக்கு மாற்றியதும், எல்லாப் புரதத்தையும் காட்டும் பான்சோ சாயம் போட்டு, எல்லா லேனிலும் புரதம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு, ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க, கொழுப்பு நீக்கிய பால் பவுடரின் 5 சதவீதக் கரைசலில் ஒரு மணி நேரம். (பாஸ்போ-பி53, அதாவது பாஸ்பேட் ஏறிய பி53 பார்ப்பவர்கள் பாலுக்குப் பதில் பிஎஸ்ஏ என்ற மாட்டு ஆல்புமின் எடுங்கள், பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம்.) டிஓ-1-ஐ 1:1000-இல் தொடங்கி, 4 டிகிரியில் இரவு முழுக்க ஆட்டிவிடுங்கள். காலையில் பத்து பத்து நிமிடமாக மூன்று கழுவல், எச்ஆர்பி நொதி சேர்த்த, டிஓ-1-ஐப் பிடிக்கும் சுண்டெலி-எதிர் ஆன்டிபாடி 1:5000-இல் ஒரு மணி நேரம், மறுபடி கழுவல், பிறகு ஈசிஎல் (அந்த நொதி பட்டால் ஒளிரும் கரைசல்). கழுவலில் மட்டும் அவசரப்படாதீர்கள். எச்ஆர்பி தொடும் எந்தக் கரைசலிலும் சோடியம் அசைடு இருக்கக் கூடாது, நொதி செத்துவிடும்.

393 அமினோ அமிலத்துக்குக் கணக்குப் போட்டால் 44 கிலோடால்டன் கூட வராது. ஆனால் புரோலின் நிறைந்த பகுதியால் ஜெல்லில் மெதுவாக ஓடி 53-இல் நிற்கும். பேரே அப்படித்தான் வந்தது.

எச்1299 லேன் வெறுமையாக இருந்தால்தான் மற்ற இரண்டையும் ஒப்பிட உட்காருவேன். புது ஆன்டிபாடிக் குப்பி வந்தாலும் இதே சோதனைதான். வெறுமையாகப் பார்த்த தேதியை மார்க்கரால் மூடியில் எழுதுவேன். தேதி இல்லாத குப்பியை என் மாணவர்கள் தொடமாட்டார்கள்.