நின்றால் தப்பு, நடந்தால் சரி: என் போனின் திசைக் கோளாறு

எனக்குப் பார்வை கிடையாது. வெள்ளைக்கோலும் போனில் வழி சொல்லும் செயலியும்தான் வெளியே போகத் துணை. திடீரென்று அந்தச் செயலி, வலப்பக்கம் இருக்கும் பஸ் நிறுத்தத்தை இடப்பக்கம் என்று சொல்ல ஆரம்பித்தது. சாலையைக் கடக்க நிற்கும்போது இது பெரிய ஆபத்து.

செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். துல்லிய இருப்பிட அனுமதியைச் சரிபார்த்தேன். போனைக் காற்றில் எட்டுப் போடுவதுபோலச் சுழற்றினால் கொஞ்ச நேரம் சரியாகும், மறுபடி கெடும். உயரமான கட்டடங்களால் ஜிபிஎஸ் சிக்னல் சிதறுகிறது என்றார்கள். திறந்த மைதானத்திலும் அதே கதைதான்.

பிடி கிடைத்தது ஒரே விஷயத்தில்: நடக்கும்போது திசை சரி, நின்றதும் தப்பு. நடக்கையில் இருப்பிடம் மாறுவதை வைத்தே ஜிபிஎஸ் நாம் போகும் திசையைக் கணக்கிட்டுவிடும். நின்றுவிட்டால் போனுக்குள் இருக்கும் காந்தத் திசைகாட்டிதான் கதி. பூமியின் காந்தப்புலமோ மிக மெலிது, 25 முதல் 65 மைக்ரோடெஸ்லாதான். பக்கத்தில் சின்னக் காந்தம் இருந்தாலே அளவு தடுமாறும். என் போன் உறையின் மூடியில் காந்தப் பூட்டு! மூடியைப் பின்னால் மடித்துப் பிடித்தால் அந்தக் காந்தம் நேராகப் போனின் முதுகில் வந்து உட்காரும்.

உறையைக் கழற்றி, திசைகாட்டிச் செயலியைத் திறந்து, போனை மேசைமேல் அசையாமல் வைத்தேன். மூடியின் நுனியை மட்டும் பக்கத்தில் கொண்டுவந்தேன். திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் டாக்பேக் வாசித்த பாகை எண் சடாரென்று தாவியது. விலக்கினால் பழையபடி திரும்பியது.

இப்போது காந்தமில்லாத ரப்பர் உறை. நின்றாலும் திசை மாறுவதில்லை. அப்பாடா! கழுத்தில் மாட்டும் போன் பை வாங்குகிறவர்கள், அதன் பூட்டில் ஒரு குண்டூசியை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வேண்டாம்.