பொம்மைக்கு முதலில் மூச்சு: மார்ஃபின் ஓவர்டோஸுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி

சிமுலேஷன் பயிற்சி என்றதும் பல லட்ச ரூபாய் பொம்மை, அதற்கென்று தனி லேப் என்று மலைத்துப்போகிறோம். புதுச்சேரியில் ஹவுஸ் சர்ஜன்களுக்கு (மருத்துவப் படிப்பின் கடைசியில் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுக்கும் இளம் டாக்டர்கள்) நான் நடத்தும் பயிற்சிக்கு வேண்டியவை சி.பி.ஆர். பழகும் பொம்மை, ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை), ஒயிட்போர்டு, ஒரு காலி அறை. முதல்முறை நடத்தப்போகிறவர்களுக்காக அதை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: கதை

வில்லியனூரிலிருந்து 62 வயது அம்மாவை மயக்க நிலையில் ஆட்டோவில் கொண்டுவருகிறார்கள். வீட்டுக்காரருக்குப் புற்றுநோய். அவர் வலிக்கு வாங்கி வைத்த மார்ஃபின் மாத்திரையை மூட்டுவலிக்கென்று இவர் போட்டுக்கொண்டார். சர்க்கரை உண்டு, சிறுநீரகமும் பலவீனம். மூச்சு நிமிடத்துக்கு 6, ஆக்சிஜன் 78, ரத்த அழுத்தம் 100/60, ரத்தச் சர்க்கரை 110. கண் பாவை ஊசிமுனை அளவு.

சிறுநீரகத்தைச் சும்மா சேர்க்கவில்லை. மார்ஃபின் உடலில் மாறி உண்டாகும் பொருளுக்கும் மூச்சை அடக்கும் குணம் உண்டு. அது சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். படி 5-இல் இது நமக்கு உதவும்.

படி 2: பொருட்கள்

தாளில் கண் வரைந்து, நடுவே பேனாவால் ஒரு புள்ளி வைத்துப் பொம்மையில் ஒட்டுங்கள். மருந்துக்குப் பதில் தண்ணீர். ஒவ்வொரு குப்பியிலும் சிரிஞ்சிலும் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று சிவப்பில் எழுதுங்கள்.

படி 3: மகள்

நர்ஸ் ஒருவர் மகளாக நடிக்கட்டும். “காலையில நல்லாத்தான் இருந்தாங்க டாக்டர், இப்ப எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க” என்று அழலாம். மார்ஃபினைப் பற்றி அவராக வாய் திறக்கக் கூடாது. “அம்மா என்ன மாத்திரை சாப்பிடறாங்க?” என்றால் சர்க்கரை மாத்திரையை மட்டும் சொல்வார். “வீட்டுல வேற யாருக்காவது மாத்திரை இருக்கா?” என்று கேட்டால்தான் அப்பாவின் டப்பா வெளியே வரும். இந்தக் கேள்வி வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

படி 4: ஓட்டம்

இது பரீட்சை இல்லை, இங்கே நடப்பது வெளியே போகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று பேர் சிகிச்சை தரட்டும், மற்றவர்கள் பார்க்கட்டும். ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு மூன்று நேரங்களைக் குறிக்க வேண்டும்: ஆம்பு பேக்கில் முதல் மூச்சு, சர்க்கரைப் பரிசோதனை, மார்ஃபினை முறிக்கும் மருந்தான நலாக்ஸோனின் முதல் ஊசி.

எங்கள் முதல் பயிற்சியில் மூன்று பேருமே நலாக்ஸோனைத் தேடி அலமாரிக்கு ஓடினார்கள். பொம்மை தனியாகக் கிடந்தது! ஆகவே இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். ஆம்பு பேக்கை அழுத்த ஆரம்பித்ததும் போர்டில் ஆக்சிஜனை 78-இலிருந்து 94-க்கு ஏற்றிவிடுவேன், மருந்தே போகாமல். இவரைக் கொல்வது மூச்சுக் குறைவு, நலாக்ஸோனுக்கு அவகாசம் இருக்கிறது என்பது அந்த எண் மாறும்போது உறைக்கும்.

பிறகு நலாக்ஸோன். 0.4 மி.கி. ஆம்பூலை உப்புநீரோடு சேர்த்து 10 மி.லி. ஆக்கினால் ஒரு மி.லி.யில் 0.04 மி.கி. இருக்கும். அதை ஒவ்வொரு மி.லி.யாக இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தக் குழாயில் கொடுத்து, பலன் இல்லையென்றால் அளவைக் கூட்ட வேண்டும். மூச்சு 12-ஐத் தாண்டினால் போதும். எழுந்து உட்கார்ந்து பேச வேண்டியதில்லை. மூச்சே நின்றுவிட்டவருக்கு இந்தச் சிறு அளவுக் கணக்கு பொருந்தாது, எடுத்ததுமே கூடுதல் அளவு வேண்டும்.

படி 5: இரண்டாம் சரிவு

போர்டில் மூச்சு 14. எல்லோரும் சிரிக்கிறார்கள். மகள் கேட்கிறார்: “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா டாக்டர்?” பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள்.

கடிகாரத்தை 50 நிமிடம் தள்ளி, 14-ஐ அழித்து 7 எழுதுங்கள். நலாக்ஸோனின் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் தீரும். பலவீனமான சிறுநீரகம் மார்ஃபினை இன்னும் வெளியேற்றவில்லை. மீண்டும் ஆம்பு பேக், மீண்டும் நலாக்ஸோன். மூச்சைத் திருப்பிய மொத்த அளவில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு மணி நேரத்துக்கு என்ற கணக்கில் தொடர் சொட்டாகவும் போட வேண்டும். நேரமில்லையென்று இந்தப் பகுதியை வெட்டாதீர்கள். வேண்டுமானால் படி 4-ஐச் சுருக்குங்கள்.

படி 6: உட்கார்ந்து பேசுவது

ஓட்டம் 15 நிமிடம் என்றால் பேச்சுக்கு 30. “ஏன் சர்க்கரை பார்க்கவில்லை?” என்றால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். “அந்த நேரத்தில் மனசில் என்ன ஓடியது?” என்று கேளுங்கள். ஸ்டாப்வாட்ச் நேரங்களைப் போர்டில் எழுதுங்கள், திட்ட வேண்டிய அவசியமே வராது. முடிந்தால் அதே குழுவை உடனே இன்னொருமுறை ஓடவிடுங்கள்.

கிளம்பும் முன் பயிற்சிக் குப்பிகளையும் சிரிஞ்சுகளையும் எண்ணிப் பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை யாரும் வார்டுக்குத் திரும்பக் கூடாது.