மரண கானாவும் முதல் வரியும்

சென்னை வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு கல்லூரியில் கட்டுரை வகுப்பு எடுக்கிறேன். 'உன் தெருவைப் பற்றி எழுது' என்றால் 30 பேரும் 'எங்கள் தெரு மிகவும் அழகானது' என்றே தொடங்குவார்கள். திருத்தித் திருத்திச் சலித்துவிட்டது.

ஒருநாள் கடைசி பெஞ்சில் வியாசர்பாடிப் பையன் ஒருவன் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். திட்டாமல் பாடச் சொன்னேன். அவன் பாடியது, இழவு வீட்டில் இரவில் பாடும் மரண கானா. இறந்தவரின் பெயர், ஓட்டிய மீன்பாடி வண்டி, டீக்கடைப் பாக்கி, எல்லாம் வந்தது.

"நல்லவர்னு ஒரு தடவைகூட வரலையே?"

"அப்டி சொன்னா யாரு சார் அழுவாங்க?"

சரி, அதையே விதியாக்கினேன்: 'அழகான' கூடாது, 3 பொருள்கள் கட்டாயம். சிலர் பாட்டாகவே எழுதி வந்தார்கள். உரைநடைக்கு இழுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அப்புறம் ஒரு கட்டுரை இப்படித் தொடங்கியது: "தண்ணி லாரி வரும் நாளில் எனக்கு முன்னால் 11 குடங்கள் நிற்கும்."