காற்றில் ஓடிய டிராக்‌ஷன் எஞ்சின் நீராவியில் நின்றது ஏன்?

ஓய்வுக்குப் பிறகு கட்டிய என் மாடல் டிராக்‌ஷன் எஞ்சின் (நீராவியில் ஓடும் இழுவை வண்டி), கம்ப்ரெசர் காற்றில் அருமையாக ஓடியது. பாய்லரைப் பற்றவைத்தால் கொஞ்ச நேரம்தான். பிறகு புகைபோக்கியில் ‘உஸ்’ என்று விடாத சத்தம், அழுத்தம் இறங்கும், எஞ்சின் நின்றுவிடும்.

பிஸ்டன் கசிகிறது என்று நினைத்து அதைச் சுற்றி அடைக்கும் பேக்கிங்கை மாற்றினேன். பயனில்லை. சிலிண்டருக்குள் நீராவியை விடும் ஸ்லைடு வால்வின் டைமிங்கை, அதாவது அது திறந்து மூடும் நேரத்தை, திரும்ப அமைத்தேன். வால்வு முகத்தைக் கண்ணாடிமேல் வைத்துத் தேய்த்தேன். நீலச்சாயம் பூசிப் பார்த்தால் முகம் முழுக்கப் படிந்தது, அதாவது மேடுபள்ளம் இல்லை. ஆனாலும் சூடானதும் அதே சத்தம்.

பிளைவீலை எந்தக் கோணத்தில் நிறுத்தினாலும் சத்தம் குறையவில்லை. பிஸ்டன் கசிவாக இருந்தால் வால்வு எல்லாப் போர்ட்டையும் (நீராவி போகும் துளைகளை) மூடும் இடத்தில் சத்தம் அடங்கியிருக்க வேண்டும். அப்புறம்தான் வால்வு இருக்கும் நீராவி அறையைச் சூடாக இருக்கும்போதே (கையுறையோடு, அழுத்தத்தை முழுக்க இறக்கிவிட்டு) திறந்தேன். குளிர்ந்த நிலையில் தளர்வாக ஆடும் ஸ்லைடு வால்வு, இப்போது விரலால் அழுத்தியும் அசையவில்லை!

வால்வு வார்ப்பிரும்பு, அதை இழுக்கும் நட்டு பித்தளை. சூட்டில் பித்தளை கூடுதலாக விரியும், 10 மி.மீ. நட்டுக்கு வித்தியாசம் 0.01 மி.மீ. அளவுதான். என் நட்டு வால்வில் வெட்டிய காடியில் (பள்ளத்தில்) அவ்வளவு இறுக்கம். அதனால் நீராவி அழுத்தம் வால்வை முகத்தோடு ஒட்டவைக்க முடியவில்லை.

நட்டின் இரு பக்கமும் எமரி தாளில் தேய்த்து 0.05 மி.மீ. இடைவெளி விட்டேன். டைமிங்கில் அந்தத் தளர்வு தெரியவே இல்லை. இப்போது விட்டுவிட்டு ‘சுப்... சுப்’ என்று ஓடுகிறது.