தமிழ் நூலுக்கு நீங்களே அட்டை வடிவமைக்க

சிங்கப்பூரில் சொந்தமாக நூல் வெளியிடும் பலர் அட்டையைப் படத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். நல்ல படம் ஒன்றைப் பிடித்து, அதன் மேல் தலைப்பைத் தட்டிவிட்டால் முடிந்தது என்று நினைப்பு. எழுத்தில் தொடங்குங்கள் என்பேன். தமிழ் அட்டைகள் பெரும்பாலும் கெடுவது எழுத்தில்தான்.

அதற்கும் முன் அளவை முடிவு செய்துவிடுங்கள். சிறுகதை, கவிதைக்கு ஏ5 போதும்: 148 × 210 மி.மீ. வெட்டும்போது கத்தி சற்று விலகும், ஆகவே பின்னணி நிறம் ஓரங்களில் 3 மி.மீ. கூடுதலாக ஓடட்டும். தெளிவு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. கிண்டில் மின்னூலுக்கு 1600 × 2560 பிக்சல் என்பது அமேசானின் பரிந்துரை. இரண்டின் விகிதமும் வேறு. ஒன்றை இழுத்து நீட்டி மற்றொன்றாக்க வேண்டாம், தனித்தனியாகச் செய்யுங்கள்.

அடுத்து, வெள்ளைப் பக்கத்தில் கறுப்பில் தலைப்பை மட்டும் வையுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், காட்டமரான், பலூ தம்பி எல்லாம் கூகல் ஃபான்ட்ஸில் இலவசம், விற்பனை நூலுக்கும் பயன்படுத்தலாம். மெலிந்த எழுத்துரு திரையில் அழகாக இருக்கும். சுருக்கினால் ண, ஞ, ழ ஆகியவற்றின் சுழிகள் காணாமல் போகும். கொஞ்சம் தடித்ததே நல்லது. ஆங்கில அட்டைகளைப் பார்த்து எழுத்துகளுக்கு இடையே இடைவெளியை அகலப்படுத்தாதீர்கள், கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். தலைப்பு இரண்டு வரியென்றால் மேல்வரியின் ‘கூ’வும் கீழ்வரியின் ‘தீ’யும் முட்டிக்கொள்கின்றனவா என்று பாருங்கள்.

ஃபோட்டோஷாப்பில் ‘கொ’ என்று தட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கிறதா? எழுத்து அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’டைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அச்சகத்துக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் எழுத்துகளை வடிவக்கோடுகளாக (அவுட்லைன்) மாற்றிவிடுங்கள். தமிழ் தெரியாத ஒருவர் உங்கள் தலைப்பை மறுபடி தட்டச்சு செய்யும் ஆபத்து அத்தோடு போயிற்று. கடைசியாக, கைப்பேசியில் கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். படிக்க முடிந்தால்தான் அடுத்த வேலை.

இப்போது படம். ஒன்றே ஒன்று. மெர்லயன் சிலையும் மரினா பே கட்டடங்களும் சிங்கப்பூர்க் கதை என்று சொல்லுமே தவிர, உங்கள் கதை என்று சொல்லாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு வெளியே துணி காயும் மூங்கில் கழி, காப்பிக்கடை மேசை, மழையில் காலியான பேருந்து நிறுத்தம் இவற்றில் ஏதாவது உங்கள் கதைக்குள் இருக்கும். நீங்களே எடுத்த படமானால் உரிமைச் சிக்கலும் இல்லை. காசு கொடுத்து எடுக்கச் சொன்னாலும், சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை உரிமை படம் எடுத்தவருக்கே. எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதுகு. இதைத்தான் எல்லாரும் மறக்கிறோம். நூலக அடுக்கில் வாசகர் பார்ப்பது பெரும்பாலும் அதை மட்டும்தான். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் 200 பக்கம் சுமார் 10 மி.மீ. தடிமன் வரும்; சரியான அளவை அச்சகத்திடம் கேட்டு வாங்குங்கள். அந்தத் தடிமனுள்ள ஏ5 நூலுக்கு முன், பின், முதுகு, ஓரம் எல்லாம் சேர்த்து 312 × 216 மி.மீ. பெயரை முதுகின் அடிமட்டத்தில் வைக்காதீர்கள், நூலகச் சீட்டு ஒட்டுவது அங்கேதான்.

பின்னட்டையில் நாலைந்து வரி போதும். முழு வாழ்க்கைக் குறிப்பும் பட்டப் பட்டியலும் யாரும் படிப்பதில்லை. நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் இலவசமாகத் தருகிறது, அது 978-981 அல்லது 978-9971 என்று தொடங்கும். பார்கோடு வெள்ளைப் பின்னணியில் கறுப்பாகவே இருக்கட்டும். சிவப்புக் கோடுகளை ஸ்கேனரின் சிவப்பு ஒளி காணாது.

திரையில் பளிச்சிடும் நீலமும் பச்சையும் நான்கு வண்ண அச்சில் மங்கிவிடும். ஆகவே ஒரு பிரதி மட்டும் முதலில் அச்சிடச் சொல்லி, அதைக் குழல்விளக்கின் கீழும் பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். முதுகு எழுத்து நடுவில் இருக்கிறதா, பார்கோடு ஸ்கேன் ஆகிறதா, தலைப்பில் ஒரு புள்ளியாவது விட்டுப்போயிருக்கிறதா? எல்லாம் சரி என்றால் மீதிப் பிரதிகளை அடிக்கச் சொல்லலாம்.